குராய்டன் கால்வாயை ரயிலா கொன்றது?

தெற்கு லண்டனின் குராய்டன் கால்வாயை ரயில் போட்டிதான் சாகடித்தது, தண்டவாளம் முழுவதும் அதன் படுகையிலேயே ஓடுகிறது என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டும் தவறு.

1809இல் திறந்த கால்வாய் 1836இல் மூடப்பட்டது. அங்கே ரயில் ஓடத் தொடங்கியதோ 1839இல்தான். ஓடாத ரயில் எப்படிப் போட்டியிடும்? சுமார் 15 கிலோமீட்டருக்குள் படகுகளை மேடேற்ற 28 மதகுகள் (நீர்மட்டத்தை உயர்த்திப் படகை மேலே ஏற்றும் அடைப்புகள்)! சரக்கு ஏற்றியவர்களின் பொறுமையை நினைத்தால் பாவமாக இருக்கிறது. முதலிலிருந்தே லாபம் காணாத கால்வாயை ரயில் நிறுவனம் 40,250 பவுண்டுக்கு வாங்கியது.

கால்வாய் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்து சென்றது. ரயிலுக்கு நேர்பாதை வேண்டும். எனவே படுகையின் சில பகுதிகளே பயன்பட்டன. ஆனர்லியில் உள்ள பெட்ஸ் பூங்காவில் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். மேற்கு குராய்டன் நிலையம் மட்டும் உண்மையிலேயே பழைய படகுத்துறை இருந்த இடம்தான்.