நம்ம ஏரியா பேச்சுக்கு நம்ம இடம் வேண்டும்

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது மூச்சு முட்டி ஜனங்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். அதே மாதம்தான் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து கழிமுகத்தில் படிந்தது. அந்த நாட்களில் அங்கே இருந்தவர்கள் எடுத்துப் போட்ட வீடியோக்கள், நேரில் பார்த்து எழுதிய பதிவுகள் எவ்வளவோ. இப்போது தேடிப் பாருங்கள், லேசில் அகப்படாது. வாட்ஸப் குழுவில் போட்டதெல்லாம் போன் மாற்றியதோடு போயிற்று.

எந்தப் பதிவு யார் கண்ணில் படும் என்பதை இங்கே ஃபேஸ்புக்கில் அல்காரிதம் என்ற கம்பெனியின் கணினிக் கணக்குதான் தீர்மானிக்கிறது. நாம் இங்கேயே கிடந்தால் கம்பெனிக்கு விளம்பர வருமானம். சண்டை மூட்டும் பதிவு ஓடும். வலையில் எண்ணெய் ஒட்டி மீனவர் தொழில் நின்ற கதை நாலு நாளில் அமுங்கிவிடும். வடசென்னைக்காரர்களுக்கு இது ரொம்பவே வலிக்க வேண்டிய விஷயம். டிவியிலும் நம் பக்கம் விபத்துக்கும் கொலைக்கும்தானே வருகிறது?

வேறு பெரிய தளத்துக்குப் போனால் சரியாகிவிடுமா? தலைப்புக்கு ஒரு குழு வைத்து விவாதிக்கும் ரெடிட் தளத்தைப் பாருங்கள். 2023-ல், ரெடிட்டைப் படிக்க வெளியாட்கள் செய்த ஆப்களிடம் பெரும் கட்டணம் கேட்டது. சம்பளமே வாங்காமல் குழுக்களைப் பார்த்துக்கொண்ட மாடரேட்டர்கள், ஜூன் 12 அன்று ஆயிரக்கணக்கான குழுக்களைப் பூட்டிப் போராடினார்கள். கம்பெனி இறங்கி வரவில்லை. அப்படிப் பலரும் விரும்பிய அப்போலோ என்ற ஆப் அந்த மாதக் கடைசியிலேயே மூடப்பட்டது.

அப்போது நிறையப் பேர் போன இடம் லெம்மி. ரெடிட் மாதிரியே செய்தியைப் பகிரலாம், ஓட்டுப் போடலாம், கீழே விவாதிக்கலாம். ஆனால் ஒரு கம்பெனிக்குச் சொந்தமில்லை. மென்பொருள் இலவசம், யாரும் சொந்தமாக சர்வர் வைக்கலாம். ட்விட்டர் மாதிரியான மாஸ்டடானைப் போல இதுவும், சர்வர்கள் ஒன்றோடொன்று பேச ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் ஓடுவதால், ஒரு சர்வரில் இருந்துகொண்டே இன்னொரு சர்வர்க்காரரோடு பேசலாம். நடத்துபவர் பிடிக்கவில்லையா, வேறு சர்வரில் கணக்குத் தொடங்கி அதே பேச்சில் சேர்ந்துகொள்ளலாம்.

வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் தெருவுக்குத் தெரு படிப்பகம் வைத்தவர்கள் நாம். பேப்பருக்குக் காசு போட்டது ஏரியா ஆட்கள், சத்தமாகப் படித்துக் காட்டியது ஏரியா ஆட்கள், எதிர்த்துப் பேசினவரும் பக்கத்துத் தெருக்காரர். எனக்கு வேண்டியது அதுதான், போனில்.

சிரமம் இருக்கிறது. மாதா மாதம் சர்வர் வாடகை கட்ட வேண்டும். சாதிச் சண்டை, பொய்ச் செய்தி, பெண்களை அசிங்கமாகப் பேசுவது இதையெல்லாம் உட்கார்ந்து நீக்க ஆள் வேண்டும், அந்த வேலை கட்டாயம் பெண்கள் கையிலும் இருக்க வேண்டும். லெம்மியில் தமிழ்ப் பேச்சு இன்னும் குறைவு, ஆரம்பத்தில் வெறிச்சென்றுதான் இருக்கும். அதற்காக எல்லாரையும் ஃபேஸ்புக்கை விடச் சொல்லவில்லை. கொடுங்கையூர் குப்பைமேடு, எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல், பட்டா, பஸ் வசதி என்று நாளைக்கும் தேவைப்படும் பேச்சை முதலில் அங்கே போட்டுவிட்டு, இணைப்பை இங்கே பகிர்ந்தால் போதும்.

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், காசிமேடு பக்கம் சர்வர் வேலை தெரிந்த தம்பி தங்கைகள் இருந்தால் இன்பாக்ஸுக்கு வாங்க. வாடகையில் என் பங்கைக் கட்டுகிறேன். மாடரேட்டராக உட்கார நேரம் கொடுக்க முடிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.