நாலு பவர் போதும்

"அண்ணா, 6-24 பவர் ஸ்கோப் ஒண்ணு பாதி விலைக்கு வந்திருக்கு. போட்டுடவா?"

அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் நோவை ஊரிலிருந்து ஒரு தம்பி நேற்று ராத்திரி அனுப்பிய செய்தி. வருகிற நவம்பர் 15 அவனுக்கு முதல் மான் சீசன். ஹன்டர் சேஃப்டி வகுப்பு முடித்துவிட்டான். தர்ட்டி-ஆட்-சிக்ஸ் ரைஃபிள் வாங்கிவிட்டான். மற்ற வேட்டைக்காரர் கண்ணில் படுவதற்கான ஆரஞ்சுத் தொப்பியும் மேல்சட்டையும்கூட எடுத்து வைத்துவிட்டான். ரைஃபிள் மேல் மாட்டிக் குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் மட்டும்தான் பாக்கி. அது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதுதான் பவர். "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் பதில் போட்டேன். உடனே ஃபோன் அடித்தான். ஜூம் இல்லாத நாலு பவர் ஸ்கோப் வாங்கு என்றேன். "அதெல்லாம் தாத்தா காலத்துப் பொருள் இல்லையா அண்ணா?" என்றான். நியாயமான கேள்விதான். மிச்சிகன் காட்டில் பத்து சீசன் உட்கார்ந்தவன் என்ற முறையில் அவனுக்கான பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன். அவனைப் போல இன்னும் நாலு பேர் இந்த வருஷம் முதல் முறையாகக் கிளம்புகிறார்கள் என்று தெரியும்.

மானைச் சுடுவது என்றதும் ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு மனசு சங்கடப்படும். இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அது குற்றம். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். இங்கே நிலைமை வேறு. வெள்ளைவால் மான்கள் பெருகி வயலையும் மரக்கன்றுகளையும் தின்று தீர்க்கின்றன, சாலையில் காரில் அடிபட்டுச் சாகின்றன. எத்தனை மான், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, காலையில் எத்தனை மணிக்கு மேல் என்று எல்லாவற்றுக்கும் மாநில அரசு அனுமதிச் சீட்டும் கணக்கும் வைத்திருக்கிறது. நான் வாங்கும் ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி உண்டு. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி அந்தப் பணம் காட்டுயிர்ப் பராமரிப்புக்குப் போகிறது. சுட்ட மானை நாங்கள் வீணடிப்பதில்லை. குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் மிளகு வறுவல் அந்தக் கறிதான்.

இனி ஸ்கோப். நாலு பவர் என்றால் 100 கஜத்தில் நிற்கும் மான் 25 கஜத்தில் நிற்பதுபோலத் தெரியும். அவ்வளவுதான் கணக்கு. கடையில் இன்று சுவர் முழுக்கத் தொங்குவது 3-9, 4-16, 6-24 என்று வளையத்தைத் திருப்பிக் கூட்டிக் குறைக்கும் ஜூம் ஸ்கோப்கள். கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லாத ஸ்கோப்பைக் கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். ஆனால் ஒரு காலத்தில் ஸ்கோப் வைத்து மான் வேட்டைக்குப் போன பலர் கையில் அதுதான் இருந்தது. டெக்சாஸின் எல் பாசோ நகரத்தில் பில் வீவர் செய்து விற்ற கே-4 என்ற நாலு பவர் ஸ்கோப் இல்லாத வேட்டைக்குடில் அன்று குறைவு. துப்பாக்கிகளைப் பற்றி எழுதியே பேர் வாங்கிய ஜாக் ஓ'கானர், யூகான் மலைகளில் காட்டாடு சுட்டவர். அவருடைய புகழ்பெற்ற .270 வின்செஸ்டர் ரைஃபிள் ஒன்றில் கடைசிவரை இருந்தது லூப்போல்ட் கம்பெனியின் நாலு பவர்தான்.

பழம்பெருமை பேசி யாரையும் வாங்க வைக்க எனக்கு விருப்பமில்லை. என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

மேக்கினா பாலம் தாண்டி மேல் தீபகற்பத்தில், நியூபெரி பக்கம் ஒரு சதுப்புக்காடு. அது எனக்கு மூன்றாவது சீசன். கையில் எல்லாரும் வைத்திருப்பது போல ஒரு 3-9 ஸ்கோப். முதுகை மரத்தில் சாய்த்து, பனியில் ஒரு ரப்பர் மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தேன். எட்டரை மணி இருக்கும். எண்பது கஜத்தில் சீடர் மரங்களுக்கு நடுவில் ஏதோ அசைந்தது. ரைஃபிளைத் தூக்கி ஸ்கோப் வழியாகப் பார்த்தேன். மான், கொம்புள்ள ஆண். என் கையில் மிச்சம் இருந்த சீட்டுக்குக் கொம்பில் ஒரு பக்கம் குறைந்தது 4 கிளை வேண்டும். எண்ணுவதற்காக வளையத்தை 9க்குத் திருப்பினேன். ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணுக்கு மேலே இருக்கும் குட்டிக் கொம்புக்கிளையை மரக்கிளைகள் மறைத்தன. அது தலையைத் திருப்பும்வரை காத்திருந்து நாலாவதையும் எண்ணிவிட்டேன்.

அதற்குள் அது நடந்து நாற்பது கஜத்துக்கு வந்துவிட்டது. ஒன்பது பவரில் நாற்பது கஜத்தில் தெரிவது மொத்தம் ஐந்தரை அடி அகலம்தான். ஸ்கோப்புக்குள் எனக்குத் தெரிந்தது சீடர் இலை, பழுப்பு மயிர், மறுபடியும் இலை. அது தோளா, தொடையா, தெரியவில்லை. பவரைக் குறைக்கலாம் என்று உறை போட்ட கையை வளையத்துக்குக் கொண்டுபோனேன். குளிரில் வளையம் இறுகியிருந்தது. அழுத்தித் திருப்பியபோது என் முழங்கை அசைந்தது. வெள்ளை வால் கொடிபோல எழுந்து நின்றது, அடுத்த நொடி காடு காலியாக இருந்தது.

மான் போனதில் எனக்கு அன்றைக்கு வருத்தம்தான். ஆனால் ராத்திரி படுக்கையில் என்னை உறுத்தியது வேறு. அசைந்தது மான்தான் என்று எனக்கு எப்போது தெரிந்தது? ரைஃபிளை அதை நோக்கி நீட்டிய பிறகு. அது மானாக இருந்தது. மனிதராகவும் இருந்திருக்கலாம்.

இரண்டு வருஷம் கழித்து அந்த மனிதன் நானாக இருந்தேன். மரம் வெட்டிய ஒரு திறந்த வெளியின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம், நூற்றைம்பது கஜம் இருக்கும், ஒரு ஆரஞ்சு உருவம். அதன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் லென்ஸின் வட்டம் மின்னியது. சூரியன் என் முதுகுப் பக்கம் இருந்ததால் நன்றாகவே தெரிந்தது. குழல் நேராக என் நெஞ்சுக்கு. நான் கையைத் தூக்கினேன். அவர் ரைஃபிளை இறக்கிவிட்டு நட்பாகக் கையசைத்தார். தான் தவறு எதுவும் செய்ததாகவே அவருக்குத் தோன்றவில்லை என்பது அந்தக் கையசைப்பில் தெரிந்தது. யார் என்று பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் பார்த்தது தோட்டா போட்ட துப்பாக்கி வழியாக.

எதன் மீது குறி வைக்கிறோம் என்று உறுதியாகத் தெரியாமல் குழலை நீட்டாதே என்பது முதல் வகுப்பில் முதல் மணி நேரத்தில் சொல்லிக்கொடுக்கும் பாடம். அதை மறக்க வைப்பதில் பெரிய ஜூமுக்குப் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். துப்பாக்கியிலேயே நல்ல தொலைநோக்கி இருக்கும்போது பைனாகுலர் எதற்குச் சுமப்பது என்று தோன்றிவிடுகிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நாலு பவரில் கொம்புக்கிளையை எண்ண முடியாது. அதனால் கழுத்தில் பைனாகுலர் தானாக வந்து சேர்கிறது. ஸ்கோப்பை மாற்றினால் மட்டும் ஒருவர் ஒழுங்காகிவிடுவார் என்று சொல்ல மாட்டேன். பழக்கம் அவரவர் கையில். ஆனால் பொருள் பழக்கத்தை ஒரு பக்கமாகத் தள்ளும், அதை நான் என் உடம்பிலேயே பார்த்தேன்.

நாங்கள் தங்கும் குடிலின் சொந்தக்காரர் எழுபது தாண்டிய பெரியவர், ஆலையில் இரும்பு அச்சு (டை) செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய ரைஃபிள் பழைய சாவேஜ் 99, மேலே வீவர் கே-4. இரும்புக் குழலின் கறுப்பு, கை படும் இடத்தில் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. அந்த மான் ஓடிய அன்று நடந்ததை அவரிடம் சொன்னேன். மறுநாள் மத்தியானம் தன் ரைஃபிளிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு அதை என்னிடம் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்று, பிறகு கண்ணைத் திற என்றார். திறந்தேன். முழுவதும் தெரிந்தது. தேட வேண்டியிருக்கவில்லை, தலையை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. என் 3-9இல் ஒன்பதில் வைத்து அதையே செய்தபோது கறுப்பு நிழல்தான் முதலில் வந்தது. தடித்த குளிர்ச்சட்டை போட்ட தோளில் ரைஃபிள் எப்போதும் ஒரே இடத்தில் உட்காராது. நாலு பவர் அந்தத் தப்பை மன்னிக்கிறது.

ஏன் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். முன் லென்ஸின் அகலத்தைப் பவரால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 33 மில்லிமீட்டர் லென்ஸ், நாலு பவர் என்றால் 8 மில்லிமீட்டருக்கு மேல். 40 மில்லிமீட்டர், ஒன்பது பவர் என்றால் நாலரைகூட இல்லை. இருட்டில் இளைஞரின் கண்மணி ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் விரியும், வயதாக ஆகச் சுருங்கும். எட்டு மில்லிமீட்டர் வட்டத்துக்குள் கண்ணை எங்கே வைத்தாலும் படம் நிறைந்திருக்கும். அதே 3-9ஐ நாலில் வைத்தாலும் இந்தப் பலன் முழுசாகக் கிடைக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் யாரும் நாலில் வைத்திருப்பதில்லை. கூட்ட முடியும் என்றால் கூட்டித்தான் வைப்போம்.

தூரம் போதுமா என்பதுதான் எல்லாரும் கேட்பது. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஏறக்குறைய 8 அங்குலம், ஒரு டிஃபன் தட்டு. 200 கஜத்தில் அது நாலு பவரில் 50 கஜத்தில் இருப்பது போலத் தெரியும். ஐம்பது கஜத்தில் வைத்த தட்டு வெறுங்கண்ணுக்குத் தெரியாதா? தர்ட்டி-ஆட்-சிக்ஸை 100 கஜத்தில் 2 அங்குலம் மேலே படும்படி வைத்தால் 200 கஜம்வரை நடுவில் குறிவைத்தால் போதும், மனக்கணக்கு எதுவும் தேவையில்லை. பத்து சீசனில் நான் சுட்டதிலேயே தூரமானது 130 கஜம். பெரும்பாலானவை அறுபதுக்குள். இந்தக் காட்டில் அதற்கு மேல் கண்ணுக்கே வழி கிடையாது.

ஜூமுக்கு எதிராக முன்பு சொன்ன பல குற்றச்சாட்டுகள் இன்று செல்லாது. பவரை மாற்றினால் தோட்டா படும் இடம் மாறும், உள்ளே ஈரம் புகும் என்பதெல்லாம் அந்தக் காலத்து ஜூம்களுக்குப் பொருந்தியது. இன்றைய நல்ல ஜூம் ஸ்கோப் உழைக்கும், அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் உள்ளே லென்ஸை முன்பின் நகர்த்தும் பாகங்கள் இல்லாததால் நாலு பவர் எடை குறைவு, சுமார் 260 கிராம். 3-9 சுமார் 350. இப்போது எல்லாரும் கொண்டாடும் 1-6 வகையில் பல அரைக் கிலோவைத் தொடும். முழங்கால் பனியில் ஒரு நாள் நடந்து பார்த்தால் அந்த வித்தியாசம் தோளுக்குத் தெரியும்.

எல்லா வேட்டைக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. வயோமிங்கின் திறந்த புல்வெளியில் பிராங்ஹார்ன் என்ற மான் போன்ற விலங்கைத் தேடுபவருக்கு முந்நூறு கஜம் சாதாரணம். அவருக்கு ஜூம் தேவை. ஜெர்மனியில் இரவில் மேடைமேல் உட்கார்ந்து காட்டுப்பன்றிக்குக் காத்திருப்பவர்கள் ஜூம் இல்லாத 8x56 ஸ்கோப்பை (8 பவர், 56 மில்லிமீட்டர் லென்ஸ்) எத்தனையோ காலமாக வைத்திருக்கிறார்கள். மங்கிய வெளிச்சத்தில் பவர் கூடினால் விவரம் கூடும் என்பது உண்மை. அதே ஜெர்மானியர்கள் நாய் விட்டுப் பன்றியைக் கலைக்கும் வேட்டைக்குச் சின்ன பவருக்கு மாறிவிடுவார்கள். இடத்துக்கு ஏற்ற கண்ணாடி என்ற தெளிவு அவர்களிடம் இருக்கிறது. நம் தம்பி போகப்போவது சீடர் சதுப்புக்கு. அங்கே 24 பவர் எதற்கு? அந்தப் பெரிய எண் தரும் தைரியத்தில் சுடக்கூடாத தூரத்தில் ஒருத்தர் சுட்டால், குடல் கிழிந்த மான் ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்து சாகும். அப்படி ஒன்றை லைட் அடித்துத் தேடியிருக்கிறேன். விடியற்காலையில் ரத்தத் தடமும் நின்றுபோனது. சுட்டவரிடம் நான் கோபமாகப் பேசினேன், அதற்காக இன்றும் வருந்தவில்லை.

தம்பிக்கு: நாலு பவர் புதிதாகக் கிடைக்காவிட்டால் பழைய பொருள் விற்கும் இடங்களில் தேடு. லென்ஸில் கீறல், உள்ளே மூட்டம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார். கிடைக்கவே இல்லையென்றால் 2-7 வாங்கி, நாலில் வைத்து, வளையத்தின் மேல் ஒரு சுற்று டேப் ஒட்டிவிடு. மிச்சப் பணத்தில் நல்ல 8x42 பைனாகுலர் ஒன்றும் இரண்டு பெட்டி தோட்டாவும் வாங்கு. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சுடும் பயிற்சி ரேஞ்சில் இருப்பேன், ரைஃபிளோடு வந்துவிடு. என் ஸ்கோப்பை உன் துப்பாக்கியில் மாட்டிப் பார்க்கலாம்.