3,000 ரூபாய்க்காக 45,000 ரூபாய் வெட்டு

காலை 11 மணிக்கே மருத்துவர் வீட்டுக்குப் போகலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். நாங்கள் வாசலைத் தாண்டியபோது இரவு 7.40. பித்தப்பையை எடுத்த வயிற்றோடு, ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு, பையை மடியில் வைத்தபடி அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "பணம் கட்டவில்லை என்று விடமாட்டேன் என்கிறார்களாப்பா?" நான்கு முறை கேட்டுவிட்டார். ஆறு வருடமாக ஒரு தவணைகூடத் தவறாமல் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டியவன் நான். என்ன பதில் சொல்வது?

நோயாளியை வீட்டுக்கு அனுப்ப மருத்துவமனை கேட்டதும், மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் பில்லுக்கு இறுதி ஒப்புதல் தந்தாக வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. கவுன்ட்டரில் சொன்னேன். "மெயில் போட்டிருக்கிறோம் சார்." ஒரு மணிக்கும் அதே பதில், மூன்று மணிக்கும் அதே பதில். ஐந்து மணிக்கு ஷிப்ட் மாறி வேறொருவர் வந்தார். பாலிசி எண்ணிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

ஏழு மணிக்கு ஒப்புதல் வந்தது. கூடவே இடியும் இறங்கியது. 1,75,200 ரூபாய் பில்லில் 60,200 ரூபாய் என் தலையில். ஐந்து லட்சம் பாலிசி ஐயா!

காரணம் அறை. காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 5,000 ரூபாய்தான் வாடகை உச்சவரம்பாம். நாங்கள் இருந்தது 8,000 ரூபாய் அறையில். வலியில் அம்மா சுருண்டு கிடந்த நள்ளிரவில், வேறு அறை காலியில்லை, இன்சூரன்ஸ்தான் இருக்கிறதே என்று சொல்லிக் கொடுத்த அறை. சரி, மூன்று நாளுக்கு 9,000 ரூபாய் கூடுதல், அதைக் கட்டுகிறேன். ஆனால் அறுவை சிகிச்சை, மயக்க மருத்துவர், செவிலியர் என்று மொத்தம் 1,20,000 ரூபாயிலும், வாடகை 8,000-ல் 3,000 அதிகம் என்ற அதே கணக்கில், எட்டில் மூன்று பங்கை வெட்டிவிட்டார்களே! 45,000 ரூபாய்! அறை உயர்ந்தால் சிகிச்சைக் கட்டணமும் உயரும், அதனால் விகிதாசாரக் கழிவு என்கிறார்கள். மருந்தையும் பரிசோதனையையும் விட்டுவைத்தது கருணையால் அல்ல, அவற்றில் கைவைக்க விதி இடம் தராததால். மீதி 6,200 கையுறைக்கும் பஞ்சுக்கும். கையுறை போடாமல் எந்த மருத்துவர் வயிற்றைத் திறப்பார்?

வீட்டுக்கு வந்ததும் பாலிசிப் புத்தகத்தைப் புரட்டினேன். 27-ஆம் பக்கத்தில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், அந்த ஒற்றை வரி. பாலிசி விற்றபோது என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்த மனிதர் 'ஐந்து லட்சம் கவர்' என்பதை எத்தனை முறை சொன்னார்! இந்த வரியை ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும், வாடகை வரம்பில்லாத பாலிசிக்குக் கூடுதல் பிரீமியம் கட்டியிருப்பேன். உங்கள் பெற்றோர் பெயரில் பாலிசி இருந்தால் இன்று இரவே அந்த வரியைத் தேடிப் பாருங்கள், தயவுசெய்து.

புகார் எழுதி அனுப்பிவிட்டேன். மருத்துவமனையின் வாகன நிறுத்துமிடத்துக்கு யாரிடம் புகார் எழுதுவது? அம்மாவை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு வண்டியை எடுக்கப் போனால், அவர்களின் மெயிலுக்காக நான் காத்துக்கிடந்த அத்தனை மணி நேரத்துக்கும் சேர்த்து டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்கள்.