ஃப்ரீ சார்ஜிங் யாருக்கு லாபம்?
எம்ஜி வின்ட்சர் எலக்ட்ரிக் கார் 2024 செப்டம்பர்ல வந்தப்ப குடுத்த ஒரு வருஷ ஃப்ரீ பப்ளிக் சார்ஜிங்கை வெச்சு 'முதல் வருஷம் ஓட்டுற செலவே இல்ல'ன்னு கட்டுரைல போட்டிருக்கீங்க, அது எல்லாருக்கும் பொருந்தாதுங்க. சொந்த வீடு, பார்க்கிங் இருக்கிறவங்க ராத்திரி வீட்லயே சார்ஜ் போட்டுடுவாங்க, 38 யூனிட் பேட்டரிக்கு யூனிட் 8 ரூபான்னு வெச்சாலும் 300 சொச்சம்தான், அதை மிச்சம் பண்ண யாரு வெளிய போய் முக்கால் மணி நேரம் உக்காருவா? நிஜ லாபம் அபார்ட்மெண்ட்ல சார்ஜிங் பாயிண்ட் வைக்க அசோசியேஷன் விடாதவங்களுக்குத்தான், எங்க அக்கா வீட்ல அதே நிலைமை, வெளிய யூனிட் 20 ரூபான்னா மேல 18% ஜிஎஸ்டி வேற, ஃபுல் பண்ண 900 கிட்ட போயிடுது. மேல கமெண்ட்ல ஒருத்தர் மூணு வருஷம் லிமிட்டே இல்லாம ஃப்ரீ சார்ஜிங் குடுக்கணும்னு கேட்டிருக்கார், அமெரிக்கால ஃபோக்ஸ்வேகன் ஐடி.4 காருக்கு 2021ல அப்படித்தான் குடுத்தாங்க, அடுத்த வருஷ மாடலுக்கே ஒரு தடவைக்கு 30 நிமிஷம்னு கட் பண்ணிட்டாங்க. அது சரிதான், 80%க்கு மேல சார்ஜ் ஏர்ற வேகம் ரொம்ப குறைஞ்சிடும், ஃப்ரீங்கறதுக்காக 100 வரைக்கும் நின்னா பின்னாடி அவசரமா வர்றவங்க என்ன பண்ணுவாங்க? என்னைக் கேட்டா ஃப்ரீ சார்ஜிங்குக்கு செலவு பண்ற காசுல அபார்ட்மெண்ட்ல தனி மீட்டரோட சார்ஜர் மாட்டிக் குடுக்கற வேலைய டீலரே பொறுப்பா எடுத்து செய்யட்டும்.