மனநோய் வந்தவர் ஆலோசகர் ஆக முடியாதா?

"ஒருமுறை மனநோய் வந்தவருக்குக் கவுன்சலர் வேலை கிடையவே கிடையாது" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். தவறு.

மார்ஷா லினஹான் 1961-ல், 17 வயதில், மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தவர். பிறகு உளவியல் படித்து, தற்கொலை எண்ணம் விடாமல் துரத்துபவர்களுக்காக டிபிடி (Dialectical Behavior Therapy) என்ற, கொந்தளிக்கும் உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும் சிகிச்சை முறையை உருவாக்கினார். தன் கதையை 2011-ல்தான் வெளியே சொன்னார். (ஏன் அவ்வளவு தாமதம் என்பதற்கு, மன்னிக்கவும், மேலே சொன்ன அந்தக் கருத்தே ஒரு பதில்.) கே ரெட்ஃபீல்ட் ஜாமிசனும் அப்படித்தான்: இருமுனைக் கோளாறோடு (மிகை உற்சாகமும் கடும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) வாழும் உளவியலாளர், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர்.

விதிகள் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் முக்கியமான கேள்வி, நோயின் பெயர் என்ன என்பதல்ல. இன்றைக்கு இந்த வேலையைப் பாதுகாப்பாகச் செய்ய முடிகிறதா என்பதுதான்.

அந்த முதல் கருத்தை மறுத்து இன்னொருவர் எழுதிய "பட்டவனுக்குப் படிப்பு எதற்கு?" என்பதையும் ஏற்க மாட்டேன். தன் அனுபவத்தை முதன்மையாக வைத்து, அதே துன்பத்தில் இருப்பவருக்குத் துணை நிற்பது சக ஆதரவுப் பணி. அது வேறு, அதற்குமே பயிற்சி உண்டு. ஆலோசகருக்குப் படிப்பு வேண்டும், மூத்தவரின் மேற்பார்வை வேண்டும். எதிரே இருப்பவர் அழும்போது, அது அவருடைய வலியா நம்முடைய பழைய வலியா என்று பிரித்துப் பார்க்கவும் பழக வேண்டும். அதற்குத்தான் காலம் பிடிக்கும்.