மத்தியான வெயிலில பிரைமர் அடிக்காதேங்கோ

"கிளிநொச்சி வெயிலுக்கு மத்தியானம் ஸ்பிரே பிரைமர் அடிச்சால் கெதியாக் காயும், பிறகு முகத்துக்குக் கறுப்பு வாஷ் விட்டால் நிழல் தானா விழும்" எண்டு சின்ன மொடல் உருவங்களுக்கு நிறம் பூசுறதைப் பற்றி மேலே எழுதியிருக்கு. ரண்டும் பிழை, தம்பி. (பிரைமர் எண்டது நிறம் பிடிக்கிறதுக்கு முதல்ல அடிக்கிற அடிப்பூச்சு; வாஷ் எண்டது பள்ளங்களில ஓடித் தேங்குற தண்ணி நிறம்.)

சோளகம் (தென்மேல் காத்து) வீசுற வெக்கையில பிரைமர் துளி உருவத்தில படமுன்னமே அந்தரத்தில காய்ஞ்சு தூளாகும். தோள், தொப்பியெல்லாம் சொரசொரக்கும். மேல வாஷ் போட்டால் ஒவ்வொரு தூள்மணியைச் சுத்தியும் கறை பிடிக்கும். உருவத்தைச் சவர்க்காரத் தண்ணியில கழுவிக் காயவிட்டு, விடியக் காலமை, காத்துப் படாத இடத்தில, 20 செ.மீ. தூரத்தில டின்னைப் பிடிச்சு மெல்லிசா ரண்டு தரம் அடியுங்கோ.

முகம்தான் முக்கியம். 1/35 அளவு (உண்மையான ஆளில 35இல ஒரு பங்கு) உருவம் முழுசுமே 5 செ.மீ. தான், தலை 7 மி.மீ.கூட வராது. கறுப்பு வாஷ் கன்னத்தில தேங்கிக் கரி பூசினமாதிரி நிக்கும். தோல்நிறத்தோட செங்கபிலம் கலந்து, தண்ணி விட்டு, தூரிகையைத் துணியில ஒத்திப்போட்டு கண்குழி, மூக்கின்ர பக்கம், கீழுதட்டுக்குக் கீழ மட்டும் வையுங்கோ. கன்ன எலும்பிலயும் மூக்கு நுனியிலயும் வெளிர்நிறம். கண்ணுக்குத் தூய வெள்ளை வேண்டாம், பயந்து முழிக்கிறமாதிரி இருக்கும். மேல் இமையில கடுங்கபிலக் கோடு ஒண்டு காணும்.

நிறம் கலக்கிற தட்டில அக்ரிலிக் (தண்ணியில கலக்கிற நிறம்) காயுதெண்டால் நனைச்ச பஞ்சுக்கு மேல பேக்கிங் தாள் விரிச்சு அதில கலவுங்கோ.