அந்தப் படத்துல பாட்டியே இல்லைங்க

நம்ம கைவேலை குரூப்ல ஓடிட்டு இருக்கிற பஞ்சாயத்து உங்கள்ல பாதிப்பேருக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாதவங்க விட்டுருங்க, தேடிப்போய் அந்தப் படத்துக்கு இன்னொரு வியூ ஏத்தி விட வேண்டாம். பெரிய மயில் போட்ட குயில்ட் (துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கிற போர்வை), பக்கத்துல சிரிச்சுக்கிட்டே ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, மேல "எனக்கு 92 வயசு, வருஷக்கணக்கா தைச்சேன், யாருமே வாழ்த்தலை"ன்னு ஒரு வரி. அதுக்குக் கீழ நான் எழுதினது இதுதான்: "இது ஏஐ படம், இதைத் தைச்சவங்கன்னு யாரும் இல்லை." அவ்ளோதான். திட்டல, கிண்டல் பண்ணல, ஷேர் பண்ண தோழியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. வந்த பதில்களைப் படிச்சா நான் என்னவோ ஒரு வயசானவங்களை வீட்டை விட்டுத் துரத்தின ரேஞ்சுக்கு இருக்கு. "அக்கா உங்களுக்கு ஏன் இவ்ளோ நெகட்டிவிட்டி", "பாட்டி மனசு எவ்ளோ கஷ்டப்படும்", "பொறாமை". கடைசியில அட்மின் என் கமென்ட்டைத் தூக்கிட்டாங்க. படம் அப்படியே இருக்கு.

எந்தப் பாட்டி மனசுங்க? அந்தப் படத்துல பாட்டியே இல்லைங்க!

எப்படித் தெரியும்னு நிறைய பேர் கேட்டாங்க, சிலர் நிஜமாவே தெரிஞ்சுக்கக் கேட்டாங்க, அவங்களுக்காகச் சொல்றேன். குயில்ட்னா மூணு அடுக்கு. மேல துண்டுதுண்டா வெட்டிச் சேர்த்த டாப், நடுவுல பஞ்சு மாதிரி பேட்டிங், கீழ பேக்கிங் துணி. இந்த மூணையும் ஒண்ணாப் பிடிச்சு வைக்கிற தையலுக்குத்தான் குயில்ட்டிங்னே பேரு. அந்த மயில் கழுத்துல இருந்து வால் வரைக்கும் ஜூம் பண்ணிப் பாருங்க, மூணு அடுக்கையும் பிடிக்கிற தையல் ஒரு இடத்துலயும் இல்லை. ஒரு இறகு துணியா ஆரம்பிச்சு பாதியில பெயின்ட் ஆயிடுது. இடது பக்க பார்டர்ல முக்கோணம், அதே பார்டர் வலது பக்கம் போறப்ப இலையா மாறிடுது. ஓரத்தைச் சுத்தி வர்ற பைண்டிங் ஒரு மூலையில காணாமப் போய் இன்னொரு மூலையில வந்து நிக்குது. நாங்க ஒவ்வொரு துண்டையும் சுத்திக் கால் இஞ்ச் தையலுக்கு விட்டுத்தான் வெட்டுவோம், அந்தக் கால் இஞ்ச்ல நூலளவு தப்பினாலும் கடைசியில பிளாக் (துண்டுகளைச் சேர்த்துத் தைச்ச கட்டம்) பொருந்தாது, பிரிச்சு மறுபடி தைக்கணும். பிரிச்சுத் தைச்ச கைக்கு அந்தப் படம் பொய்னு பார்த்த உடனே தெரியும், இதுல பெரிய புத்திசாலித்தனம் ஒண்ணும் இல்லை.

இங்க அமெரிக்காவுல அடுத்தவங்க தையல்ல நொட்டை சொல்றவங்களுக்கு "குயில்ட் போலீஸ்"னு ஒரு பட்டமே உண்டு. முக்கோணத்தோட முனை மழுங்கிடுச்சு, கலர் சேரலைன்னு வந்து நிப்பாங்க. எனக்கும் இப்ப அந்தப் பட்டத்தைக் கொடுத்துட்டாங்க. மனுஷங்க தைச்ச எதையாவது நான் என்னைக்காவது குறை சொல்லியிருக்கேனா? இதே குரூப்ல புதுசா கத்துக்கிட்டவங்க கோணல்மாணலா தைச்சுப் போட்ட முதல் பொட்லி, முதல் தலகாணி உறை எல்லாத்துக்கும் முதல் ஹார்ட் போட்டது யாருன்னு ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க.

"ஒரு படம்தானே, ரசிச்சுட்டுப் போயேன்"னு சொல்றவங்களுக்கு. ஒரு படத்தோட நிக்கலைங்க. அந்தப் படத்துக்குக் கீழ முதல் கமென்ட்டே பேட்டர்ன், அதாவது வெட்டித் தைக்கிறதுக்கான அளவும் வழிமுறையும், விக்கிற லிங்க்தான். நான் இருக்கிற ஹூஸ்டன்ல எங்க கில்டுல, அதாவது குயில்ட் தைக்கிறவங்க சங்கத்துல, ஒரு அம்மா இருக்காங்க, எழுபது தாண்டினவங்க, நான் துணி வெட்டுற ரோட்டரி கட்டரைப் பிடிக்கக் கத்துக்கிட்டதே அவங்ககிட்டதான். அவங்க இது மாதிரி ஒரு படத்தை நம்பி பேட்டர்ன் வாங்கி, கஜம் 12, 13 டாலர்னு துணியும் எடுத்து வெட்டிட்டாங்க. எந்தத் துண்டும் எதோடயும் சேரலை. சேராது, ஏன்னா அப்படி ஒரு குயில்ட்டே உலகத்துல கிடையாது, இல்லாததுக்கு எப்படி அளவு இருக்கும்? ஆனா அவங்க யாரையும் சந்தேகப்படலை. தனக்குத்தான் கண்ணு போயிடுச்சு, இனிமே தைக்க முடியாதுன்னு நினைச்சு மெஷினை யாருக்காவது கொடுத்துடலாமான்னு கேட்டாங்க. அரை நூற்றாண்டா தைக்கிற கைங்க அது. அன்னைக்கு அவங்க முகத்தைப் பார்த்திருந்தீங்கன்னா "ஒரு படம்தானே"ன்னு சொல்ல உங்களுக்கு வாய் வராது. பாட்டி மனசு கஷ்டப்படும்னு எனக்குப் பாடம் எடுத்தீங்கல்ல, இதோ, நிஜமாவே ஒரு பாட்டி, நிஜமாவே கஷ்டப்பட்டாங்க.

அடுத்தது "நீங்க டெக்னாலஜிக்கு எதிரி, அன்னைக்கு மெஷினையும் இப்படித்தான் திட்டினாங்க"ன்னு ஒரு தம்பி எழுதியிருந்தார். இது ஒண்ணுதான் யோசிக்க வச்ச கேள்வி, அதனால முழுசா பதில் சொல்றேன். ஆமா, திட்டினாங்க. 1989-ல கென்டக்கி மாநிலம் படூகாவுல நடந்த அமெரிக்கன் குயில்ட்டர்ஸ் சொசைட்டி ஷோவுல கேரல் பிரையர் ஃபாலர்ட்டோட சூரிய கிரகணக் குயில்ட் ஒண்ணு 'பெஸ்ட் ஆஃப் ஷோ' வாங்குச்சு. அந்த ஷோவுல அந்தப் பரிசை வாங்கின முதல் மெஷின் குயில்ட் அதுதான். கையால தைச்சாத்தான் குயில்ட், மெஷின்ல தைச்சதுக்கா பரிசுன்னு பெரிய சண்டை. இன்னைக்கு அந்தக் குயில்ட் அதே ஊர்ல இருக்கிற நேஷனல் குயில்ட் மியூசியத்துல இருக்கு, மெஷின் குயில்ட் ஜெயிச்சா யாரும் புருவத்தைக் கூடத் தூக்குறதில்லை. அன்னைக்குச் சண்டை போட்டவங்க தோத்தாங்க, தோத்தது நியாயம்தான். நானே தைக்கிறது மெஷின்லதான். டிசைன் போடுறது கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர்ல, பெரிய குயில்ட்டா இருந்தா லாங்ஆர்ம்னு சொல்ற பெரிய குயில்ட்டிங் மெஷின் வச்சிருக்கிறவங்ககிட்ட கொடுத்து வாங்குறேன்.

ஆனா தம்பி, அந்த 1989 குயில்ட்டைக் கேரல் தைச்சாங்க. கலர் ஏத்தினது, வெட்டினது, மெஷினுக்கு அடியில துணியை நகர்த்தினது அவங்க கை. நேர்ல போய் "இந்த இடத்துல எப்படிப் பண்ணீங்க"ன்னு கேட்டா பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தாங்க. மயில் பாட்டிகிட்ட என்ன கேப்பீங்க? ஏஐல ஐடியா எடுத்து, கலர் பார்த்து, அப்புறம் உக்காந்து தைச்சு, "ஐடியா ஏஐ, தையல் நான்"னு போடுங்க, நான் கை தட்டுறேன். தைக்காததைத் தைச்சேன்னு சொல்லாதீங்க, அவ்ளோதான் நான் சொல்றது. தைக்காததைத் தைச்சேன்னு சொல்லாதீங்க!

"நல்லாத்தானே இருக்கு"ன்னு சொல்றவங்களுக்குப் பதில் இல்லை. நல்லா இருக்கு. அதுக்கென்ன?

பொறாமைங்கிற வார்த்தைக்கு வர்றேன். அதை எழுதினவங்க என் ஃப்ரெண்ட் லிஸ்ட்லயே இருக்கிறவங்க, நான் செஞ்சு கொடுத்த பேபி குயில்ட் அவங்க வீட்லயே இருக்கு, அதனால வலிச்சுது. இல்லாத ஒருத்தி மேல எனக்கு எதுக்குப் பொறாமை? இருந்தவங்களை நினைச்சாத்தான் எனக்குத் தாங்கல. ஹாரியட் பவர்ஸ்னு ஒருத்தங்க, 1837-ல ஜார்ஜியாவுல அடிமையாப் பிறந்தவங்க. பைபிள் கதைகளைத் துணியில வெட்டி ஒட்டித் தைச்ச அவங்க குயில்ட்டை ஏதென்ஸ்ங்கிற ஊர்ச் சந்தையில பார்த்த ஜென்னி ஸ்மித்ங்கிற டீச்சர் விலைக்குக் கேட்டாங்க, ஹாரியட் தர மாட்டேன்னுட்டாங்க. சில வருஷம் கழிச்சுக் குடும்பத்துல கஷ்டம் வந்தப்ப அவங்களே போய் பத்து டாலர் கேட்டு, அஞ்சு டாலருக்குக் கொடுத்துட்டு வந்தாங்க. கொடுத்த அப்புறமும் அதைப் பார்க்கிறதுக்குன்னே அந்த டீச்சர் வீட்டுக்குப் போயிருக்காங்க. ஒவ்வொரு கட்டத்துல என்ன கதைன்னு அவங்க சொன்னதை அந்த டீச்சர் எழுதி வச்சதாலதான் இன்னைக்கு நமக்குத் தெரியும். அந்தக் குயில்ட் இப்ப ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு. அஞ்சு டாலர்! உசுரோட இருந்து கண்ணு வலிக்கத் தைச்சவங்களுக்கு அஞ்சு டாலர், பிறக்கவே பிறக்காத பாட்டிக்கு ஆயிரக்கணக்குல லைக்கு, "லவ் யூ பாட்டி". இதுல கோபப்படக் கூடாதுங்கிறீங்க.

அலபாமாவுல ஜீஸ் பெண்ட் கேள்விப்பட்டிருப்பீங்க. ஆத்து வளைவுல மாட்டிக்கிட்ட ஊரு, அங்க இருந்த கறுப்பின மக்கள் ஓட்டு உரிமை கேட்டுக் கிளம்பின காலத்துல 1962-ல ஆத்தைக் கடக்கிற ஃபெர்ரிப் படகையே நிறுத்திட்டாங்க, திரும்பி வர 2006 ஆச்சு. பழைய வேலைத் துணியைக் கிழிச்சு அந்த ஊர்ப் பெண்கள் குளிருக்குத் தைச்ச குயில்ட்டுகள் 2002-ல எங்க ஹூஸ்டன் மியூசியத்துலதான் பெரிய கண்காட்சியா முதல்ல வந்துச்சு, அப்புறம் நியூயார்க் போச்சு. தலைமுறை தலைமுறையா தைச்சவங்களுக்குப் பேர் சொல்லிச் சுவத்துல ஒரு அட்டை மாட்ட அவ்ளோ நாள் ஆயிருக்கு. எய்ட்ஸ்ல இறந்தவங்க நினைவாத் தைச்ச எய்ட்ஸ் குயில்ட்டை எடுத்துக்கோங்க, 1987-ல வாஷிங்டன்ல விரிச்சப்பவே 1,920 பேனல், இன்னைக்கு சுமார் 50,000. ஒவ்வொண்ணும் மூணுக்கு ஆறு அடி, ஒரு ஆளைப் புதைக்கிற குழி அளவு. அதுல தைச்சது என்ன? பேரு. வெளிய சொல்லக் கூடப் பயந்த பேர்களை அம்மாவும் நண்பர்களும் காதலர்களும் எழுத்து எழுத்தா வெட்டித் தைச்சாங்க. குயில்ட்டுல பேர்ங்கிறது அவ்ளோ பெரிய விஷயம். நாங்க சின்னக் குயில்ட் தைச்சாக் கூடப் பின்னாடி மூலையில பேர், ஊர், வருஷம் எழுதி லேபிள் தைக்கணும்னு கில்டுல சொல்லிக்கிட்டே இருப்பாங்க.

எங்க அப்பத்தா பழைய கண்டாங்கியையும் தாத்தா வேட்டியையும் அடுக்கிப் போட்டு ஓட்டுத்தையல் ஓட்டி விரிப்பு தைக்கும். பேரன் பேத்தி அத்தனை பேரும் அதுல புரண்டு வளர்ந்தவங்கதான். அதுக்கு ஒருத்தரும் பேர் வைக்கலை, கலைன்னு சொல்லலை, "கிழவி சும்மா உக்காராது"ன்னு சொன்னாங்க. வீடு மாத்தினப்போ எல்லாத்தையும் மூட்டை கட்டி யாரோ தூக்கிப் போட்டுட்டாங்க, யாருன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கலை. ஒரு போட்டோ கிடையாது. அதே சொந்தக்காரங்கதான் இப்ப மயில் பாட்டிக்கு "கண்ணுல தண்ணி வந்துருச்சு"ன்னு கமென்ட் போட்டிருக்காங்க. எங்க அப்பத்தாவை ஒரு நாளாவது "நல்லா இருக்கு ஆத்தா"ன்னு சொல்லியிருக்கீங்களாய்யா?

சரி. அட்மின்கிட்ட நேரடியாவே கேக்குறேன், அந்தப் படத்தை எடுக்க மனசு வரலைன்னா விடுங்க, மேல "இது ஏஐ படம்"னு ஒரு வரி சேருங்க, பேட்டர்ன் லிங்க்கை எடுத்துடுங்க, பணம் போகுது. என் கமென்ட்டைத் திரும்பப் போட்டுட்டேன், மறுபடி தூக்கினா மறுபடி போடுவேன். உங்க அம்மா, பாட்டி, அத்தை தைச்சது ஏதாவது வீட்ல இருந்தா ஒரு போட்டோ எடுத்து, தைச்சவங்க பேரோட கீழ கமென்ட்ல போடுங்க. கிழிஞ்சதா இருந்தாலும் போடுங்க.